மாருதி கார்பரேட்டர் மாட்டினால் ஹெரால்டு சரியாகுமா?

கேள்வி: எங்களிடம் 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 இருக்கிறது. ஓட்டத்தில் குறையில்லை. பெருங்களத்தூர் சிக்னலில் நின்றால் மட்டும் ஐடிலிங் ஏறி இறங்கி ஆஃப் ஆகிவிடுகிறது. மெக்கானிக் கார்பரேட்டரை இரண்டு முறை கழுவி, புது கிட்டும் போட்டுவிட்டார். பலனில்லை. ‘எல்லாம் எத்தனால் பெட்ரோல் செய்கிற வேலை. சோலெக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு மாருதி 800 கார்பரேட்டரை மாட்டிவிடலாம்’ என்கிறார். மாட்டலாமா?
– வாசகர், பீர்க்கன்கரணை

பதில்: வேண்டாம். உங்கள் ஊரை ஒட்டிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் பிறந்த வண்டி அது. 1961இல் இங்கே ஹெரால்டு தயாரிப்பு தொடங்கியது. சோலெக்ஸ் கார்பரேட்டர்களையும் சென்னையிலேயே கார்பரேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனம் செய்துவந்தது. ஆனால் ஊர்ப் பாசத்துக்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால் கோளாறு ஜெட்டிலோ பேக்கிங்கிலோ இருப்பதாகத் தெரியவில்லை. கார்பரேட்டரின் உடம்பே தேய்ந்திருக்கிறது என்றே சந்தேகப்படுகிறேன். கழுவுவதாலும் கிட் போடுவதாலும் அந்தத் தேய்மானம் தீராது.

காரணம் இது. பட்டர்ஃப்ளை தகட்டைத் தாங்கும் ஸ்பிண்டில் எஃகு. அது சுழலும் துளை மென்மையான வார்ப்பு உலோகம். ரிட்டர்ன் ஸ்பிரிங் ஐம்பது வருடமாக ஒரே பக்கம் இழுக்க, ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதியும் சேர்ந்து அரைக்க, துளை நீள்வட்டமாகிவிடும். அந்த இடைவெளி வழியே எஞ்சின் கணக்கில் வராத காற்றை இழுக்கிறது. ஐடிலிங்கில் பட்டர்ஃப்ளை ஏறக்குறைய மூடியிருக்கும். அதற்குக் கீழே உறிஞ்சல் மிக அதிகம், எஞ்சினுக்குப் போகும் மொத்தக் காற்றோ மிகக் குறைவு. எனவே சின்னக் கசிவுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். வேகமாகப் போகும்போது அதே கசிவு மொத்தக் காற்றில் அற்பப் பங்கு. ஓடும்போது சுகம், நின்றால் சீக்கு என்பதன் விளக்கம் இதுதான். பைலட் ஜெட் அடைத்தாலும் ஐடிலிங் கெடுமே என்று கேட்கலாம். கெடும், ஆனால் ஒரே மாதிரி கெட்டிருக்கும். ஏறி இறங்குவதும், ஒவ்வொரு முறை கால் எடுத்ததும் ஐடிலிங் வேறு வேறு அளவில் நிற்பதும், ஆடுகிற ஸ்பிண்டிலால் பட்டர்ஃப்ளை ஒரே இடத்துக்குத் திரும்பாததன் அடையாளம். ஊகத்தோடு நிற்கவும் வேண்டாம். ஐடிலிங்கில் ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும், பிறகு ஃப்ளாஞ்ச் இணைப்பிலும் மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு சொட்டாக விட்டுப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறுகிற இடத்தில்தான் காற்று நுழைகிறது. இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதே பக்கம் இருப்பதால், இதைச் சூடேறும் முன்பே செய்யுங்கள்.

கசிவு உறுதியானால் இனி வேலை லேத் பட்டறையில். பட்டர்ஃப்ளை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டது, திருப்பிப் போட்டால் மூடாது. திருகுகளின் நுனி நசுக்கிப் பூட்டப்பட்டிருக்கும், அதை அராவிய பிறகே கழற்ற வேண்டும். திரும்பப் போடும்போது புதுத் திருகு போட்டு நுனியை மறுபடி நசுக்குங்கள். கழன்று விழுந்தால் நேராக எஞ்சினுக்குள்தான் போகும். துளையை ரீமர் விட்டு நேராக்கி வெண்கல புஷ் இறக்கி, புது ஸ்பிண்டில் கடைய வேண்டும். கிண்டியிலும் அம்பத்தூரிலும் இது புதிய வேலை அல்ல. அடுத்தது ஃப்ளாஞ்ச். பல பேர் நட்டை இறுக்கி இறுக்கி அது வளைந்திருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் எமரி தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்கலாம். ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். ஈயத்தை அள்ளி வைத்து அடைத்தால் எடை கூடி பெட்ரோல் மட்டம் மாறிவிடும். நீடில் வால்வின் கீழுள்ள வாஷரைக் கண்ட கனத்தில் மாற்றாதீர்கள். சோலெக்ஸில் அந்தக் கனம்தான் மட்டத்தைத் தீர்மானிக்கிறது.

இத்தனை செலவுக்கு மாருதி கார்பரேட்டர் மலிவாயிற்றே என்பது நியாயமான கேள்வி. அதை மாட்டினாலும் வண்டி ஓடும், மறுக்கவில்லை. புதிதாகப் போட்டதால் ஐடிலிங்கும் நிற்கலாம், நிற்பதைப் பார்த்து மெக்கானிக் சொன்னதே சரி என்றும் தோன்றும். ஆனால் அது மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினுக்கென்று அளவு பார்த்துச் செய்தது. உங்களுடையது நான்கு சிலிண்டர், 948 சிசி. ஜெட்டுகளை முதலிலிருந்து தேடிப் பொருத்த வேண்டும். இடையில் அடாப்டர் தகடு வைத்தால் கசியக்கூடிய இணைப்பு இன்னொன்று கூடுகிறது. பழைய மாருதியிலிருந்து கழற்றியது என்றால் அதன் ஸ்பிண்டிலும் தேய்ந்ததாகவே இருக்கும், நோய் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். (விண்டேஜ் பதிவுக்கான 2021 விதிகளைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். அவை 50 வருடம் கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளைப் பற்றியவை. ஒரு கார்பரேட்டரை மாற்றியதற்காகப் பதிவு மறுக்கப்படும் என்று நான் வாதாட மாட்டேன்.)

எத்தனாலைப் பொறுத்தவரை மெக்கானிக் பாதி சரி. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை, எத்தனாலுக்குச் சுமார் 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் கணக்கு ஏறக்குறைய 13.5க்கு இறங்குகிறது, அதாவது அதே காற்றுக்கு 8 சதவீதம் போல அதிக எரிபொருள் வேண்டும். ஆனால் இந்தக் குறை எல்லா வேகத்திலும் தெரிய வேண்டியது. உங்கள் வண்டி ஓட்டத்தில் நன்றாக இருக்கிறது. எனவே சிக்னலில் நிற்கும் கோளாறுக்கு எத்தனால் முதல் குற்றவாளி ஆகாது, இருக்கிற கசிவை இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கலாம். கசிவை அடைத்த பிறகும் ஸ்பார்க் பிளக் வெளுத்தே இருந்தால் அப்போது மெயின் ஜெட்டைப் பாருங்கள். சோலெக்ஸ் ஜெட் எண் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக் குறிக்கிறது: 105 என்றால் 1.05 மி.மீ. அதை 110 ஆக்கினால் துளையின் பரப்பு ஏறக்குறைய 10 சதவீதம் கூடிவிடும், ஒரு படிக்கு மேல் போக வேண்டாம். ஜெட்டில் ஊசியோ கம்பியோ விட்டுக் குடையவே கூடாது. எத்தனால் நிஜமாகக் கடிப்பது பழைய ரப்பரை. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக இப்போதே மாற்றிவிடுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வண்டி நின்றால் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தங்கி வெள்ளைப் பொடி பூக்கும். ஐப்பசி மழை பிடிக்கும் முன் கிண்ணத்தை வடித்துக் காயவிட்டு நிறுத்துங்கள்.