கரையும் கறையும் ஏன் எதுகையாகவில்லை?

கிளிநொச்சி

அன்பான பெறாமகளுக்கு,

உன் வெண்பாவில் 'கரை'க்கு எதுகையாக நீ வைத்த 'கறை'யை ஆசிரியர் வெட்டிவிட்டார் என்று எழுதியிருந்தாய். "கேட்க ஒரே மாதிரித்தானே பெரியப்பா கிடக்கு?" என்ற உன் கேள்வி நியாயமானது. காதுக்கு நீ சரி. இலக்கணத்துக்கு அவர் சரி.

வாழையையும் வாளை மீனையும் வன்னியில் ஒரே மாதிரித்தான் சொல்கிறோம். அவற்றையாவது இன எதுகை என்று யாப்பிலக்கணம் ஏற்கும். ழ, ள இரண்டும் இடையினம். ரகரம் இடையினம், றகரமோ வல்லினம். அதனால் உனக்கு அந்தச் சலுகையும் இல்லை.

உருண்டு ஒலிக்கும் றகரத்தை ஏன் க, ச, ட, த, ப என்பவற்றோடு சேர்த்தார்கள்? தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பார். றகரத்துக்கு நுனிநா அண்ணத்தை ஒற்றும், ரகரத்துக்கு வருடும். ஒற்றினால் மூச்சு ஒரு கணம் அடைபடும். அன்றைய றகரம் அப்படி அடைத்துத் திறந்த ஒலி. பிற்காலத்தில், உயிர்களுக்கு நடுவே தனியாக வரும் இடத்தில் அந்த அடைப்பு தளர்ந்து, பலருடைய பேச்சில் ரகரத்தோடு கலந்துவிட்டது. உன் 'கறை' விழுந்தது அங்கேதான்.

இரட்டித்த இடத்தில் அது இன்னும் நம் வாயில் உயிரோடு இருக்கிறது. 'காற்று' என்று மெல்லச் சொல்லிப் பார். நாக்கு நுனி மேல்முரசில் முட்டி நிற்கும். தமிழ்நாட்டுப் பேச்சில் அது 'காத்து' ஆகி, நாக்கு பல்லுக்கு இறங்கிவிடுகிறது. அவர்கள் டிக்கெட், பாக்கெட் என்று எழுதுவதை நாம் ரிக்கற், பக்கற் என்று எழுதுவதும் இதனால்தான். ஆங்கிலேயர் அச்சொற்களின் இறுதியில் சொல்லும் ஒலிக்கு நம் காதில் மிக நெருக்கமானது றகர ஒற்றுத்தான். ஆனால் 'ன்ற' நம்மிடமும் மாறிவிட்டது. கத்தரிக்கன்றைக் 'கத்தரிக்கண்டு' என்கிறோம்.

சீனரும் இதே சிக்கலில் நெடுங்காலம் தவித்தார்கள். ஷி ஜிங் என்ற அவர்களுடைய பழம்பாடல் தொகையில் இயைபுகள் பல பிற்காலத்தாருக்கு ஒத்துவரவில்லை. சூ சி (1130–1200) போன்ற பேரறிஞர்களே பாட்டுக்கு ஏற்றபடி சொல்லின் உச்சரிப்பை அந்தந்த இடத்தில் வளைத்து வாசித்தார்கள். 1606இல் சென் டி தன் நூலில் அதை மறுத்தார்: பாடியவர்களின் வாயில் அவை இயல்பாகவே இயைந்தன, காலத்தோடும் இடத்தோடும் மாறியது ஒலிதான். எனக்கு மிகப் பிடித்த துணிச்சல் அது. பெய்ஜிங் பேச்சு இழந்துவிட்ட ப், த், க் என்ற சொல்லிறுதிகளைக் கன்டோனீஸ் இன்றும் வைத்திருக்கிறது, நாம் 'காற்றை' வைத்திருப்பதுபோல.

'கரை'க்குத் திரை, நிரை, வரை இருக்கின்றன, அடியைத் திருத்து. அப்பம்மாவின் பேச்சில் றகரம் எங்கே ஒற்றுகிறது, எங்கே வருடுகிறது என்று ஒரு கொப்பியில் குறித்துவை. விடுமுறைக்கு வரும்போது இரண்டையும் கொண்டுவா.

அன்புடன்,
பெரியப்பா