மாதவிலக்குத் தொல்லைகளும் நம் கைமருந்தும்



அடிவயிறு சுருட்டிப் பிடித்தாலும், பேர் போய்விடுமே என்று கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் நம் தோட்டங்களில் அதிகம். வெளியே சொல்ல வெட்கம். லயத்துப் பெரியவங்க சொல்லும் கைமருந்துதான் முதல் வைத்தியம். அதில் எது உதவும், எங்கே கவனம் வேணும் என்று பார்ப்போம்.

1. வயிற்றுவலி: கர்ப்பப்பை சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது இந்த வலி வருது. கட்டைவிரல் நுனி அளவு இஞ்சியைத் தட்டிக் கொதிக்க வைத்து, கருப்பட்டியோடு முதல் 3 நாளும் இரண்டு வேளை குடிக்கலாம். இஞ்சி இந்த வலியைக் குறைப்பது ஆராய்ச்சிகளிலும் தெரிய வந்திருக்கிறது. சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைப்பதும் நல்ல சுகம் தரும்.

2. இரத்தம் குறைதல்: மாதாமாதம் அதிகம் பட்டால் உடம்பு வெளுக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கீரையும் பருப்பும் தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிடுங்க. சோற்றோடு சாயத்தண்ணி வேண்டாம்; தேயிலையின் துவர்ப்பு இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்க. இரும்புச்சத்துக் குளிசைக்கும் இதே கணக்குதான்.

3. பெரும்பாடு: இதற்கு அசோகப் பட்டையைக் கஷாயம் வைப்பது பழைய வழக்கம். ஆனால் அசோகு என்று சொல்லி நெட்டிலிங்கப் பட்டையை விற்பதும் உண்டு. 7 நாளுக்கு மேல் பட்டாலும், மணிக்கொரு துணி நனைந்தாலும், பெரிய கட்டிகளாக விழுந்தாலும் கஷாயத்தை நம்பி இருக்காதீங்க. வைத்தியரிடம் போங்க.

4. நாள் தள்ளிப்போதல்: உடனே எள்ளும் காய்ப் பப்பாசியும் தின்னச் சொல்லுவாங்க. பொறுங்க! கர்ப்பமா என்று முதலில் சிறுநீரைப் பரிசோதிக்க வேணும். தெரியாமல் காட்டமான மருந்து குடிப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. நாள் தள்ளி, அடிவயிற்றில் கடும் வலியும் மயக்கமும் வந்தால் கர்ப்பம் குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிர் போகிற காரியம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் காட்டத்தான் வேணும். 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்கில் கர்ப்பப்பைக் கழுத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசில்லை.

கைமருந்து வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் வெட்கத்தை விட்டு மருத்துவமாதுவிடம் வாய் திறந்து சொல்லுங்க.