இரவில் ஏன் எழுப்புகின்றனர்?

நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது 950ஆவது குறள். பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளிலிருந்து பக்கவாதத்துடன் வருவோரிடம் அந்நான்காம் கூறின் அருமையை நாங்கள் காண்கிறோம்.

அசையாது படுத்திருப்பவரின் இடுப்பும் குதிகாலும் அழுந்தி, அங்கு இரத்த ஓட்டம் குறைந்து படுக்கைப்புண் உண்டாகிறது. ஆகவேதான் செவிலியர் இரவிலும் ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்கின்றனர். ‘உறங்குகிறார், எழுப்பாதீர்கள்’ என உறவினர் தடுப்பது அன்பினால்தான். ஆயினும் அது புண்ணுக்கு வழிவிடும்.

நீங்களும் கைகொடுங்கள். உடலை இழுக்காமல் தூக்கித் திருப்பும் முறையைச் செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். தோல் சிவந்தோ கறுத்தோ தோன்றினால் உடனே தெரிவியுங்கள். வீடு திரும்பிய பின் அப்பணி உங்களுடையதே.