காற்றுவாக்கில் போகும் செய்தி

வனஉயிரியல் படித்துவிட்டு ஓர் ஆய்வுக் குழுவிலோ படப்பிடிப்புக் குழுவிலோ கள உதவியாளராகச் சேர்கிறீர்கள். முதல் வாரமே வேலை வரும்: “அந்தக் குட்டைக்கு மான் இறங்குதாம். உட்கார ஒரு இடம் பாத்துட்டு வா.” புதிதாக வருபவர்கள் குட்டை நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்துக் கைகாட்டுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். மூன்று மாலை உட்கார்ந்து, புதருக்குள்ளிருந்து கடமான் எச்சரிக்கைக் குரல் கொடுத்ததைக் கேட்டதோடு சரி. எனக்கு முன்னால் என் வியர்வை வாடை தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அசையாமல் இருந்தால் மானின் கண்ணை ஏமாற்றிவிடலாம். ஒரு சுள்ளி ஒடிந்தால்கூடக் காதைத் தூக்கி நிற்கும். மறுபடி சத்தம் வராவிட்டால் மேயத் தொடங்கிவிடும். மூக்கிடம் மட்டும் இந்தச் சமரசம் எடுபடாது. மணமில்லாத சோப்பு போட்டுக் குளியுங்கள், தலைக்கு எண்ணெய் வேண்டாம், அடுப்புப் புகை பட்ட சட்டை வேண்டாம். இவையெல்லாம் வாடையைக் குறைக்கும், அவ்வளவுதான். மனிதத் தோல் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருப்பது. அதனால் காற்றைப் பார்த்து இடம் பிடிப்பதுதான் வேலை.

இந்தக் கணக்கை நுணுக்கமாகப் போட்டு வைத்திருப்பவர்கள் அமெரிக்காவின் மான் வேட்டைக்காரர்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பரில் 9 நாள் துப்பாக்கிப் பருவம் சட்டப்படியே நடக்கிறது. வெள்ளைவால் மானுக்காக மரத்தில் பரண் கட்டிக் காத்திருப்பார்கள். இந்தியாவில் மான் வேட்டை குற்றம். துப்பாக்கியை அவர்களிடமே விட்டுவிட்டுப் பரண் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அனுபவமுள்ள வேட்டைக்காரர் ஒரே பரணை நம்ப மாட்டார். மேற்குக் காற்றுக்கு ஒன்று, வடக்குக் காற்றுக்கு ஒன்று என்று நாலைந்து வைத்திருப்பார். அன்றைய காற்றுக்கு எதுவும் பொருந்தாவிட்டால் வீட்டில் இருந்துவிடுவார். தவறான காற்றில் ஒரு நாள் உட்கார்ந்தால் அந்த இடத்தையே மான் பல நாள் சந்தேகிக்கும் என்று அவருக்குத் தெரியும். நீங்களும் ஓர் இடத்தைச் சொல்லாமல் மூன்றைச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தக் காற்று என்று எழுதிக் கொடுங்கள். “இன்னைக்கு வேணாம் சார்” என்று சொல்லத் துணியும் உதவியாளரைத்தான் அடுத்த பருவத்துக்கும் கூப்பிடுவார்கள்.

சரி, எந்தப் பக்கம் உட்காருவது? எதிர்க்காற்று முகத்தில் அடிக்க வேண்டும் என்று பாடம் சொல்வார்கள். பாதி சரி. காற்று உங்கள் முகத்தில் அடிக்க, மான் நேரே உங்களை நோக்கி வர வேண்டுமானால், அது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, எதிரே என்ன இருக்கிறது என்று மோப்பம் பிடிக்க வழியில்லாமல் நடக்க வேண்டும். விவரமான கிழக்கடா அப்படி நடக்கத் தயங்கும். குறுக்குக் காற்றுதான் நல்ல சமரசம். மசினகுடிப் பக்கம் ஆடி மாதம், மேல்காற்று வீசுகிறது. மான் தடம் வடக்கிலிருந்து தெற்கே குட்டைக்கு இறங்குகிறது என்று வையுங்கள். தடத்துக்குக் கிழக்கே உட்காருங்கள். உங்கள் வாடை இன்னும் கிழக்கே போய்விடும். அந்தக் கிழக்கில் இன்னொரு தடம் இருந்தால் கதை கெட்டது. செங்குத்துப் பாறையோ, மான் நடக்காத ஓடைப் பள்ளமோ இருந்தால் அதிர்ஷ்டம்.

மலைச்சரிவில் இதுவும் போதாது. வெயில் ஏறினால் சரிவின் காற்று சூடாகி மேலே போகும். பொழுது சாய்ந்தால் குளிர்ந்து, தண்ணீர் மாதிரியே பள்ளம் பார்த்து வழியும். ஆகவே மாலையில் மானுக்குக் கீழே, வெயில் ஏறிய காலையில் மேலே. விடியற்காலையில் ஒரு பொறி உண்டு. இருட்டில் போய் உட்காரும்போது காற்று இன்னும் கீழ்நோக்கித்தான் வழிந்துகொண்டிருக்கும். சூரியன் சரிவில் பட்டுக் கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பும். ஆறு மணிக்குச் சரியாக இருந்த இடம் எட்டரைக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

கைப்பேசிச் செயலியை நம்பிக் கிளம்பாதீர்கள். வானிலை நிலையங்கள் காற்றை அளப்பது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில்; நீங்கள் உட்கார்ந்திருப்பது புதருக்கடியில். அமெரிக்கர்கள் மில்க்வீட் விதையின் பஞ்சைப் பறக்கவிட்டுப் பார்க்கிறார்கள். அதன் குடும்பத்துச் செடிதான் நம் எருக்கு. நாலு காய் பறித்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சு முதலில் எந்தப் பக்கம் போகிறது என்பதோடு நிறுத்தாமல், கண்ணுக்கு எட்டும்வரை பாருங்கள். பாறைக்குப் பின்னால் அது சுழன்று திரும்பி வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

காற்றின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதும்போது அது வரும் திசையை எழுதுங்கள். வானிலைத் துறையும் அப்படித்தான். வாடை, கொண்டல், தென்றல் என்ற நம் பெயர்களும் அப்படித்தான்.

போகும் வழியும் இடத்தோடு சேர்ந்ததே. மான் தடத்தைக் குறுக்கே மிதித்துப் போய் அருமையான இடத்தில் உட்கார்ந்தாலும் பயனில்லை. மான்கள் கலைந்து போனபிறகே எழுந்திருங்கள். கிளை வெட்டி மறைப்புக் கட்ட ஆசை வரும். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவில் படம் பிடிக்க வாங்கும் அனுமதி, வாழிடத்தை மாற்றாமல் பிடிப்பதற்குத்தான்.

கடைசியாக முதுகு. ஜிம் கார்பெட் 1944-இல் வெளிவந்த குமாயூன் ஆட்கொல்லிகள் பற்றிய புத்தகத்தில் ஒன்றைக் கவனித்து எழுதியிருக்கிறார்: மனிதனுக்கு மோப்பம் கிடையாது என்பது புலிக்குத் தெரியாது. அதனால் ஆட்கொல்லிப் புலி, மானை நெருங்குவதுபோலவே நம்மையும் காற்றுக்கு எதிராகத்தான் நெருங்கும். மானுக்காக நீங்கள் காற்றைப் பார்த்து உட்கார்ந்தால், புலி வரக்கூடிய பக்கம் உங்கள் முதுகுப் பக்கம். துணைக்கு வரும் வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் குட்டையைப் பார்க்காமல் உங்களுக்கு முதுகு காட்டி உட்காருவார். இடம் தேடும்போது அவருக்கும் நாலடி சேர்த்துப் பாருங்கள்.