முதலில் ஆட்டம், அப்புறம் நோட்டு

தேர்வு முடிவு வரும் நாளில் பெரம்பலூரும் அரியலூரும் இப்போதெல்லாம் தவறாமல் பேச்சில் அடிபடுகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் 2023இல் பெரம்பலூர் 97.67 விழுக்காடும் 2024இல் அரியலூர் 97.31 விழுக்காடும் பெற்று மாநிலத்தில் முதலிடம் பிடித்தன. 2025இல் பிளஸ் டூ தேர்ச்சியிலும் அரியலூர்தான் முதல். பின்தங்கிய பகுதி என்று நெடுங்காலம் பெயர் வாங்கிய மண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல. சிக்கல் என்னவென்றால், பத்தாம் வகுப்புக்குச் சரிப்பட்ட மாலை நேர உட்காரவைப்பை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அப்படியே மாட்டிவிடுகிறோம். ஓரிடத்தில் கால் தரிக்காத பிள்ளைக்கு அது அண்ணன் சட்டையைப் போட்டுவிட்டதுபோலத்தான்.

நான்கரை மணிக்குப் பையை வீசிவிட்டு வரும் அப்படியொரு பிள்ளையை என்ன செய்வது? பெரும்பாலான வீடுகளில் முதலில் தோன்றுவது டியூஷன். கொல்லை வேலைக்குப் போன அம்மாவும் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் பார்க்கும் அப்பாவும் வீடு திரும்ப இருட்டிவிடும்போது, டியூஷன் என்பது பாதுகாப்பான ஓர் இடமும்கூட; அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே திண்ணையில் இரண்டு மணி நேரம் அடைத்துவைக்கும் இடத்தில் துறுதுறுப்பான பிள்ளை கற்பதைவிடத் திட்டு வாங்குவதே அதிகம். டியூஷனைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை விசாரிப்பதோடு நிறுத்தாமல், வேலை முடிந்த பிள்ளையை எழுந்து போக விடுவார்களா என்றும் கேளுங்கள். விடமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள். கையில் போனைக் கொடுத்துப் பாடச் செயலியைத் திறந்துவிடுவது இன்னொரு வழி. பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கும், உண்மைதான். ஆனால் அடுத்த வீடியோ ஒரு விரல் தூரத்தில் இருக்கிறது.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை நான் இவற்றுக்கு மேலே வைப்பேன். தன்னார்வலர் ஒருவர், சுமார் இருபது பிள்ளைகள், மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் பாடம் என்பதே அதன் அமைப்பு. தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்த அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் கொரோனாக் காலக் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதென்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இத்திட்டத்தால் வந்ததென்றும் கண்டது. உங்கள் தெருவில் மையம் இன்னும் நடக்கிறதா என்று பள்ளியில் விசாரியுங்கள்.

மையம் இல்லாத தெருவுக்கும் வழி உண்டு, அதற்குக் காசு வேண்டாம்: முதலில் ஓடவிடுங்கள், பிறகு கொஞ்ச நேரம் உட்காரவையுங்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹில்மேன் குழு 2009இல் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை இருபது நிமிடம் நடக்கவைத்துச் சோதித்தபோது, சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிடக் கவனமும் வாசித்துப் புரிந்துகொள்வதும் மேம்பட்டிருந்தன. 2013இல் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ள பிள்ளைகளிடமும் ஒற்றை இருபது நிமிட உடற்பயிற்சி அதே திசையில் பலன் தந்தது. இரண்டும் சிறிய ஆய்வுகள், டிரெட்மில்லில் நடந்தவை. பச்சைக்குதிரைக்கும் கபடிக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் சோதித்துப் பார்க்க ஒரு வாரம் போதும், கெடுதல் ஒன்றுமில்லை.

ஆடிவிட்டு வந்தால் தூங்கிவிடுவானே என்பார்கள். எட்டு மணி வரை ஆடினால் தூங்கத்தான் செய்வான். பொழுது சாய்வதற்குள் ஆட்டம், கைகால் கழுவிக் கொஞ்சம் பொரிகடலை, உடனே நோட்டு என்றிருந்தால் தூக்கத்துக்கு முன்பே எழுத்து வேலை முடியும். உட்காரவைத்ததால்தானே மாவட்டம் முதலிடம் வந்தது என்பது இதைவிட வலுவான கேள்வி. ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மேல்வகுப்புகளில் தெளிவாகவும் தொடக்க வகுப்புகளில் மிக மெலிந்தும் தெரிந்தது. ஒன்றிய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரம்தான். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் சொச்சம்! அதையும் இரண்டாகப் பிரித்து நடுவில் ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிக்க விடலாம். நின்றுகொண்டு வாய்ப்பாடு சொன்னாலும் அது படிப்புத்தான்.

பெற்றோருக்கு எழுதப்படிக்கத் தெரியாவிட்டால் யார் சொல்லித்தருவது? சொல்லித்தருவது ஆசிரியர் வேலை. வீட்டில் தேவைப்படுவது டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரும் ஒருவர்; வெங்காயம் உரித்துக்கொண்டே அப்பாயிகூட உட்காரலாம், "என்னடா எழுதின, படிச்சுக் காட்டு" என்று கேட்கலாம்.

இவ்வளவு செய்தும் வீட்டில் மட்டுமின்றிப் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் அதே பாடாக இருந்தால், அதை வால்தனம் என்று அடித்து அடக்கப் பார்க்காதீர்கள். 2022இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது வகுப்பாசிரியரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும்.