கடைப் பையனாக வந்தவர், ஊருக்கு மண்டபம் கொடுத்தவர்

(இளைஞர் வகுப்புப் பாடம்: ஒப்புரவு)



இந்த மாத வகுப்புக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு ஒப்புரவு. கொஞ்சம் பழைய சொல்தான். ஆனால் இதன் பொருள் நமக்கு இப்போதுதான் ரொம்பத் தேவை. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் வட்டத்தில் படிவம் ஐந்து முடிக்கும் வரை எல்லாரும் வருவார்கள். தேவாரம் பாடுவார்கள், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார்கள், கோயிலில் சிரமதானம் செய்வார்கள். அதற்குப் பிறகு மேற்படிப்பு. பிறகு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஆள் காணாமல் போய்விடுகிறார். கேட்டால் ஒரே பதில்: "முதல்ல நான் செட்டில் ஆகிக்கிறேன், அப்புறம் சேவை செய்யுறேன்." இது தப்பான பேச்சு என்று சொல்ல முடியாது. வீட்டுக் கடன், பி.டி.பி.டி.என். கடன், தம்பி தங்கை படிப்பு எல்லாம் உண்மையான சுமை. ஆனால் எல்லாருமே "அப்புறம்" என்றால் இன்றைக்கு வகுப்பு எடுப்பது யார்?

இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு ஒரு கடைக்காரரின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

யார் இந்த பி.ஜி.பி.?

இன்டர்நெட்டில் 'பி.ஜி.பி. சிங்கப்பூர்' என்று தேடினால் முதலில் வருவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் பார்க் மாணவர் விடுதிதான். நாம் பேசப்போவது அதைப் பற்றியல்ல. சிராங்கூன் ரோட்டில் நம் பாட்டி தாத்தா காலத்தவருக்கு பி.ஜி.பி. என்றால் ஒரே ஆள்தான்: பி. கோவிந்தசாமி பிள்ளை.

1887ல் தமிழ்நாட்டில் பிறந்தவர். 1905ல், பதினெட்டு வயது வாக்கில் கப்பலேறி சிங்கப்பூர் வந்தார். அது மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகத் தொடங்கிய காலம். வந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துக்கும், ரயில் பாதைக்கும், துறைமுகத்துக்கும் போனார்கள். இவர் போனது ஒரு மளிகைக் கடைக்கு. அங்கே கடைப் பையன் வேலை. ஆரம்பத்தில் கையில் சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் மட்டும்தான்.

பிறகு கடன் வாங்கி, வேலை செய்த கடையையே தன் பெயருக்கு வாங்கினார். மளிகை ஜவுளியாக வளர்ந்தது. ஒரு கடை பல கடைகளானது. 'பி.ஜி.பி. ஸ்டோர்ஸ்' என்ற பெயர் சிராங்கூன் ரோட்டின் அடையாளம் ஆனது. ஜப்பானியர் ஆட்சிக் காலம் எல்லா வியாபாரிகளையும் போல இவரையும் உலுக்கியது. போருக்குப் பிறகு மறுபடி எழுந்தார், வீடு நிலமும் சேர்ந்தது. சமாதான நீதிபதி, அதாவது ஜே.பி. என்ற மரியாதையும் கிடைத்தது. 1980ல் காலமானார்.

இதுவரை கேட்டால் ஒரு வழக்கமான 'ஏழை பணக்காரன் ஆன கதை'தான். பாடம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அவர் எதற்குக் கொடுத்தார்?

அவருடைய நன்கொடைகளில் நமக்குத் தெளிவாகத் தெரிந்த சிலவற்றைப் பார்ப்போம்.

ஒன்று, சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில். 1855ல் எழுந்த பழைய கோயில் இது. அதன் இராஜகோபுரத் திருப்பணிக்குப் பெரும்பங்கு கொடுத்தவர் பிள்ளை. 1978ல் இந்தக் கோயிலை சிங்கப்பூர் அரசு தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. சிங்கப்பூர் தைப்பூசத்தில் காவடிகள் புறப்படுவது இந்தப் பெருமாள் கோயிலிலிருந்துதான். மருமகனுக்கான காவடி மாமன் வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி! அங்கிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடக்கிறார்கள்.

இரண்டு, அதே கோயிலில் உள்ள கோவிந்தசாமி பிள்ளை கல்யாண மண்டபம். 1965 ஜூன் மாதம் அப்போதைய மாநிலத் தலைவர் யூசோப் பின் இஷாக் திறந்து வைத்தார். அப்போது சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். அடுத்த இரண்டு மாதத்தில் பிரிந்தது. ஓர் இந்துக் கோயிலின் மண்டபத்தை ஒரு மலாய்க்காரத் தலைவர் திறந்து வைத்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, இராமகிருஷ்ண மிஷன். சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தி வந்த அமைப்பு. நம் ஸ்காட்லாந்து ரோட்டில் இருக்கும் ஆசிரமத்தை அறிந்தவர்களுக்கு இது என்ன வேலை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நான்கு, மலாயாப் பல்கலைக்கழகம். 1949ல் சிங்கப்பூரில் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கும் அவர் உதவினார். தமிழ் கற்பிக்கும் இந்திய ஆய்வியல் துறை அங்கேதான் 1956ல் ஆரம்பமாகி, பிறகு கோலாலம்பூருக்கு வந்தது.

இந்த நான்கிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது, கவனித்தீர்களா? எதுவும் ஒரு நாள் விஷயம் இல்லை. நான் படிப்பது பொறியியல் என்பதால் எனக்கு இது இப்படித் தோன்றுகிறது: ஆயிரம் பேருக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டால் அது ஆயிரம் பேருக்கான உதவி. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மண்டபம் கட்டினால் அது ஐம்பது வருஷத்துக்கு வாரா வாரம் வேலை செய்கிறது. கடைவீட்டு மாடியில், சின்ன அறையில் குடியிருந்த குடும்பம் பெண்ணுக்கு எங்கே கல்யாணம் பண்ணும் என்று யோசித்துப் பாருங்கள். மண்டபத்தின் மதிப்பு அப்போது புரியும்.

இன்று பி.ஜி.பி. ஸ்டோர்ஸ் இல்லை. கடைகள் மூடியாகிவிட்டன. ஆனால் மண்டபம் நிற்கிறது. அவர் பெயர் இன்று நிலைத்திருப்பது கல்லாவில் சேர்த்ததால் அல்ல, கொடுத்ததால்.

ஒப்புரவு வேறு, ஈகை வேறு

திருக்குறளில் 22வது அதிகாரம் ஒப்புரவறிதல். அடுத்தது, 23வது, ஈகை. இரண்டும் கொடுப்பதைப் பற்றித்தானே, எதற்கு இரண்டு அதிகாரம்? நம்மில் பலர் பள்ளியில் இதைக் கேட்டதே இல்லை.

ஈகை என்பது இல்லாதவன் வந்து நிற்கும்போது கொடுப்பது. கேட்பவர் முகம் தெரியும், கொடுத்தவர் முகமும் தெரியும். ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து நடப்பது. ஊருக்கு என்ன தேவை என்று தானே அறிந்து, யாரும் வந்து கேட்பதற்கு முன்பே செய்வது. 'அறிதல்' என்ற சொல் தலைப்பிலேயே இருக்கிறது பாருங்கள். வள்ளுவர் இதற்கு மழையை உதாரணம் காட்டுகிறார். மழை யாரிடமும் கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை. ஊருணியில் தண்ணீர் நிறைவதையும், ஊர் நடுவில் பழமரம் பழுப்பதையும், முழுதும் மருந்தாகப் பயன்படும் மரத்தையும் சொல்கிறார். குளத்தில் தண்ணீர் மொள்ளுகிறவர் யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை. அதுதான் இதன் அழகு.

ஒரு கல்யாண மண்டபமும் இப்படித்தான். அங்கே மாலை மாற்றுகிறவர் யாரும் "எனக்கு உதவி செய்தார்கள்" என்று கூச்சப்பட வேண்டாம்.

இன்னொரு கருத்தும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. கடமை அறிந்தவர்கள், வசதி குறைந்த காலத்திலும் ஒப்புரவில் தளரமாட்டார்கள் என்கிறார். "முதல்ல செட்டில் ஆகிக்கிறேன்" என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு நியாயமான கேள்விகள்

வகுப்பில் யாராவது எழுப்பக்கூடிய இரண்டு கேள்விகளை நாமே இங்கே வைத்துவிடுவோம்.

முதல் கேள்வி: "சம்பளமே இல்லாம வேலை பார்த்தாரே, அதையா நாம பெருமையா பேசணும்?" வேண்டாம். அவர் பொறுமையைப் பாராட்டலாம், அந்த முறையைப் பாராட்டக் கூடாது. இன்றைக்கு யாராவது ஒரு தம்பியை "வேலை கத்துக்கோ, சாப்பாடு தரேன்" என்று சம்பளம் இல்லாமல் கடையில் நிறுத்தினால் அது சுரண்டல். நம் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் ஊரைவிட்டு வந்து வேலை செய்கிற அண்ணன்மார் இருக்கிறார்கள். கோயிலுக்கு லட்சம் கொடுத்துவிட்டு, வேலையாளுக்குச் சம்பளத்தைப் பிடித்து வைத்தால் அது தர்மக் கணக்கில் வராது. ஒப்புரவு முதலில் நம்மிடம் வேலை செய்பவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: "அவர்கிட்ட காசு இருந்துச்சு, கொடுத்தார். நம்மகிட்ட என்ன இருக்கு?" இதற்கு அதே காலத்துக் கதை ஒன்று பதில் சொல்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு நல்ல நூலகம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். அவர் கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி. சாதாரணத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள். பிள்ளையைப் போன்றவரின் பெரிய தொகையும், தொழிலாளியின் ஒரு வெள்ளியும் ஒரே பல்கலைக்கழகத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தன. எந்தச் செங்கல் யாருடையது என்று இன்று பிரித்துச் சொல்ல முடியுமா?

கடை கற்றுக்கொடுப்பது

செமஸ்டர் விடுமுறையில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பார்ட் டைம் வேலை செய்தேன். எங்கள் மேனேஜர் அக்கா தினமும் கடை திறப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்ப்பார். இருப்பு எவ்வளவு? நேற்றைய கணக்கு சரியா? இன்றைக்கு யார் யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள்? இந்த மூன்றும் சேவைக்கும் அப்படியே பொருந்தும்.

இருப்பு: சிரமதானத்துக்கு முன்னால் துடைப்பம் எத்தனை, வாளி எத்தனை என்று எண்ணுங்கள். போன வருஷப் பந்தலில் மிஞ்சிய தட்டுகள் எந்த வீட்டு ஸ்டோரில் கிடக்கின்றன? அது தெரியாமல் புதிதாக வாங்குவது நன்கொடைக் காசை வீணாக்குவது.

கணக்கு: ஐந்து வெள்ளி வந்தாலும் எழுதுங்கள், ரசீது கொடுங்கள், மாதக் கடைசியில் எல்லாருக்கும் காட்டுங்கள். நம் இயக்கங்கள் பல உடைந்தது பக்தி குறைந்ததால் அல்ல, கணக்கில் சந்தேகம் வந்ததால்தான்.

ஆள்: ஒருவர் இரண்டு வாரம் வரவில்லை என்றால் போன் போட்டு விசாரியுங்கள். திட்டுவதற்காக அல்ல. அவர் வீட்டில் என்ன பிரச்சினை என்று தெரிந்துகொள்ள.

பினாங்கில் நம்மால் முடிந்தது

நம் ஊரிலும் ஒப்புரவின் சாட்சிகள் கண்ணெதிரே நிற்கின்றன. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833ல் எழுந்தது. தண்ணீர்மலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி முருகனைப் பார்க்கிறோம். இதெல்லாம் யாரோ ஒருவர் மட்டும் தந்ததல்ல. கடைக்காரர், கப்பல் கூலி, செட்டியார், அரசாங்கக் கிராணி எல்லாரும் தந்தது. நாம் ஏறுகிற படி, யாரோ நமக்காகப் போட்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நம் வட்டத்தில் இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் ஐந்து வெள்ளி, அதாவது ஒரு தே தாரேக்கும் இரண்டு ரொட்டி சானாய்க்கும் ஆகிற காசு. மாதம் நூறு வெள்ளி, வருஷத்துக்கு 1,200 வெள்ளி. அதோடு ஆளுக்கு மாதம் இரண்டு மணி நேரம் என்றால், மாதம் நாற்பது மணி நேரம். நாற்பது மணி நேரத்தில் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் நான்கு நாள் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுக்கலாம், ஒவ்வொரு வகுப்பிலும் நம்மில் ஒருவருக்கு மேல் இருக்கலாம். ஷிப்ட் வேலை செய்கிறவருக்கும் மாதம் இரண்டு மணி நேரம் முடியாதது இல்லை.

செட்டில் ஆன பிறகு தொடங்கலாம் என்பவரிடம் இதைச் சொல்லுங்கள்: மண்டபம் கட்டுவது பிறகு இருக்கட்டும், இரண்டு மணி நேரத்தை இந்த மாதமே கொடு.

கலந்துரையாட

1. ஈகைக்கும் ஒப்புரவுக்கும் நம் வட்டாரத்திலிருந்தே ஆளுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

2. போன வருஷம் நாம் செய்த நிகழ்ச்சிகளில் எது ஒரு நாளோடு முடிந்தது, எது இன்னும் பயன் தருகிறது?

3. நாம் சாப்பிடும், சாமான் வாங்கும் கடைகளில் வேலையாட்களை நாம் எப்படி அழைக்கிறோம், எப்படிப் பேசுகிறோம்?

4. வேலைக்குப் போன அண்ணன் அக்காமார் மூவர் பெயரை எழுதுங்கள். அவர்களால் எந்த இரண்டு மணி நேரம் தர முடியும் என்று நேரில் கேட்டு, அடுத்த வகுப்புக்கு அந்தப் பதிலோடு வாருங்கள்.

நான்காவது கேள்விதான் இந்த மாத வீட்டுப்பாடம். மற்ற மூன்றையும் உட்கார்ந்தே பேசிவிடலாம். இதற்கு மட்டும் எழுந்து போக வேண்டும்.