எவ்வளவு ஆழம் தோண்டுவது?

ஆற்றில் மண் சேர்ந்து ஆழம் குறைந்துவிட்டால் கப்பல்கள் தரைதட்டும். அதனால்தான் துறைமுகங்களிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் அவ்வப்போது தூர்வாருகிறார்கள். அந்த வேலையில் ஓர் அடி கூடுதலாகத் தோண்டிவிட்டாலும் பெரிய நட்டமில்லை. ஆனால், நச்சு கலந்த சேற்றை அகற்றும்போது நிலைமை முற்றிலும் வேறு. குறைவாகத் தோண்டினால் நச்சு ஆற்றிலேயே தங்கிவிடும். அதிகமாகத் தோண்டினால் நல்ல மண்ணும் நச்சு மண்ணோடு கலந்து, அதையும் கழிவாகவே கையாள வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஓடும் ஹட்சன் ஆற்றில் இச்சிக்கல் பெரிய அளவில் எழுந்தது. அதன் மேற்பகுதியில் ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் ஆகிய ஊர்களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் இருந்தன. மின்தேக்கிகள் செய்யப் பயன்படுத்திய பி.சி.பி. என்னும் இரசாயனம், ஏறத்தாழ 1947 முதல் 1977 வரை, அங்கிருந்து ஆற்றில் கலந்தது. பி.சி.பி. நீரில் எளிதில் கரையாது, சேற்றில் ஒட்டிக்கொள்ளும். சேற்றில் வாழும் புழுவிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெரிய மீனுக்கும் சென்று கொழுப்பில் சேரும். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. 1973இல் ஃபோர்ட் எட்வர்டில் இருந்த பழைய அணையை அகற்றியபோது, அதன் பின்னால் தேங்கியிருந்த சேறு கீழ்நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. 1976இல் மேல் ஹட்சனில் மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது.

சேற்றைத் தோண்டுவதா, அப்படியே விடுவதா என்ற வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. தோண்டினால் அடங்கிக் கிடக்கும் நச்சு கலங்கி நீரில் பரவும் என்றனர் ஒரு சாரார். இது புறந்தள்ளக்கூடிய வாதமன்று. எனினும், 2002இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தோண்டியே ஆக வேண்டும் என முடிவெடுத்தது.

கண்ணுக்குத் தெரியாத ஆற்றடியில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் தோண்டுவது? முதலில், நீண்ட குழாய்களைச் சேற்றுக்குள் செலுத்தி மாதிரிகளை எடுக்கிறார்கள். குழாயில் வந்த சேற்றைத் துண்டு துண்டாக வெட்டிச் சோதித்தால், நச்சு எந்த ஆழம்வரை இறங்கியிருக்கிறது என்பது தெரியும். பல்லாயிரம் மாதிரிகளைக் கொண்டு வரைபடம் ஒன்றை உருவாக்குவார்கள். தோண்டும் இயந்திரத்தின் வாளி, சிப்பியைப் போல இரு பக்கமும் மூடிக்கொள்ளக்கூடியது. வாளி இருக்கும் இடத்தைத் துணைக்கோள் கருவிகள் காட்ட, இயக்குபவர் திரையைப் பார்த்தபடியே சில சென்டிமீட்டர் பிசகுக்குள் அதை இறக்கிவிடுவார். பின்னர், ஒலி அலைகளைச் செலுத்தி ஆற்றடியை மீண்டும் அளப்பார்கள்.

சில சென்டிமீட்டருக்கு இத்தனை பாடா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் 10 சென்டிமீட்டர் கூடுதலாகத் தோண்டினால் 1,000 கன மீட்டர் மண் சேர்ந்துவிடும். ஒரு லோரியில் 10 கன மீட்டர் ஏற்றலாம் என்றால், நூறு லோரி மண்! அதை எல்லாம் நீர் வடித்து, பாதுகாப்பான கழிவுக் கிடங்கிற்குக் கொண்டுபோக வேண்டும்.

2009ஆம் ஆண்டு மே மாதம் முதற்கட்டப் பணி தொடங்கியது. வாளிகள் வரைபடம் காட்டிய ஆழத்தைச் சரியாகவே எட்டின. ஆனால், அதற்குக் கீழேயும் நச்சு இருந்தது! காரணம், மரத்துண்டுகள். அந்த வட்டாரத்தில் முற்காலத்தில் மரம் அறுக்கும் ஆலைகள் நிறைய இருந்தன. அவற்றின் கழிவுகள் ஆற்றடியில் புதைந்து கிடந்தன. மாதிரி எடுக்கும் குழாய்கள் பல இடங்களில் அவற்றில் முட்டி நின்றுவிட்டதால், நச்சின் உண்மையான ஆழம் தெரியவில்லை. கருவி துல்லியமாக இருந்தது. அதற்குக் கொடுத்த எல்லைக்கோடுதான் தவறாக இருந்தது.

இதன் விளைவாக, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தோண்ட நேர்ந்தது. தோண்டிய பள்ளங்கள் நெடுநாள் மூடப்படாமல் கிடந்தன. வாளியின் இடுக்கில் மரத்துண்டு சிக்கிக்கொண்டால் வாளி முழுவதும் மூடாது. சேறு நீரில் ஒழுகும். நீரில் பி.சி.பி.யின் அளவு வரம்பைத் தாண்டியதால் ஒருமுறை பணியையே நிறுத்தி வைத்தார்கள். அவ்வாண்டு 18 பகுதிகளை முடிக்கத் திட்டமிட்டிருந்தும் 10 மட்டுமே முடிந்தன. ஆனால், தோண்டிய சேற்றின் அளவோ திட்டத்தைவிட அதிகம்.

2010இல் தோண்டும் வேலை நடைபெறவில்லை. வெளி வல்லுநர் குழு ஒன்று முதற்கட்டத்தை அலசி ஆராய்ந்தது. மாதிரிகளை மேலும் ஆழமாக எடுப்பது, எல்லைக்கோட்டுக்குக் கீழே சற்றுக் கூடுதலாகச் சேர்த்தே முதல் முறை தோண்டுவது, ஒரே இடத்தைத் தோண்டும் தடவைகளைக் குறைப்பது எனத் திட்டம் மாற்றப்பட்டது. சிறிது நல்ல மண் வீணானாலும், நச்சுச் சேற்றைப் பலமுறை கலக்குவதைவிட அது மேல் என்று கருதப்பட்டது. தோண்டிய இடங்களைத் தூய மணலாலும் சரளைக்கற்களாலும் நிரப்பினார்கள்.

2011இல் மீண்டும் தொடங்கிய பணி 2015இல் முடிவுற்றது. மொத்தம் ஏறத்தாழ 2.1 மில்லியன் கன மீட்டர் சேறு அகற்றப்பட்டது. ஆற்றில் கலந்த பி.சி.பி.யின் மொத்த அளவு சுமார் 590 டன் என மதிப்பிடப்படுகிறது. அகற்றிய சேற்றோடு வெளியேறியது சுமார் 140 டன். மீன்களின் உடலில் நச்சு போதிய வேகத்தில் குறைகிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. மேல் ஹட்சனில் தூண்டில் போடுபவர்கள், பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.